சேனரை எங்கே வைப்பது? (நம்மைச் சுற்றியுள்ள மின்சுற்றுகள் – 14)

களனி கங்கை மட்டக்குளிக்கும் முகத்துவாரத்துக்கும் அருகே கடலில் கலக்கிறது. கொழும்பு நகரத்துக்குள் அதன் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் நாகலகம் வீதியில் இருக்கிறது. அங்கே 5 அடியைத் தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம் என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கணக்கு. 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாள்கணக்கில் நீருக்குள் கிடந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை மலைநாட்டிலிருந்து இறங்கி வந்தது. வடகொழும்பில் குடியிருப்பவருக்கு அந்த ஓர் எண் எவ்வளவு முக்கியமானது என்பதை விளக்கத் தேவையில்லை. இந்த வாரம் அப்படியான ஓர் எண்ணை மின்சுற்று ஒன்றால் அளக்கப் போகிறவர் எதிர்கொள்ளும் ஒரு சிறு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அளவு எல்லை மீறும்போது அதைத் தடுத்து நிறுத்தும் சேனர் இருவாயியைச் சுற்றின் எந்த இடத்தில் வைப்பது? திணைக்களம் பயன்படுத்தும் கருவியைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. உயர்தர மாணவர் ஒருவரோ தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஒருவரோ மேசையில் கட்டிப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரியைத்தான் ஆராய்கிறேன். ஆனால் அந்த மாதிரியில் தவறு எங்கே நுழைகிறது என்று பார்த்தால், பெரிய கருவிகளிலும் அது எங்கே நுழையும் என்பது விளங்கும்.

நீருக்குள் இறக்கப்படும் அழுத்த உணரி தன் மேலுள்ள நீரின் உயரத்தை ஒரு மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறது. தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாக நிலைத்துவிட்ட வழக்கம் 4 மில்லி அம்பியரிலிருந்து 20 மில்லி அம்பியர் வரை. நீரே இல்லாவிட்டாலும் 4 வரும். அதனால் கம்பி அறுந்தால் சுழியம் வந்து, பழுது தானாகவே தெரிந்துவிடும். நம் மாதிரியில் உணரியின் வீச்சு 4 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு மீற்றருக்கும் 4 மில்லி அம்பியர் கூடும். 12 அடி, அதாவது 3.66 மீற்றர் நீர் நின்றால் ஓட்டம் 18.6 மில்லி அம்பியருக்குச் சற்று மேலே இருக்கும். இந்த ஓட்டத்தை ஒரு சிறு தடையியின் ஊடாகச் செலுத்தி, அதன் குறுக்கே எழும் சிறிய வோல்ற்றளவைச் செயற்பாட்டு விரியலாக்கியால், கடைப் பேச்சில் ஒப்-ஆம்பால், பத்து மடங்காக்கி, ஆர்டுயினோ போன்ற பலகையில் வோல்ற்றளவை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. முனைக்குக் கொடுக்கிறோம். பெய்ப்புத் தடையி 10 கிலோ ஓம், பின்னூட்டல் தடையி 100 கிலோ ஓம், நயம் பத்து. விரியலாக்கி குறியைப் புரட்டும், அதாவது நேர்மாற்றும் வகை. உணரியின் கம்பிகளைத் திருப்பி இணைத்தால் பயப்பு நேர்ப் பக்கத்தில் வந்துவிடும்.

இனித்தான் சிக்கல். ஒப்-ஆம்புக்கு நேராக 15, மறையாக 15 வோல்ற்று வழங்கல் கொடுத்திருந்தால், பழைய 741 போன்ற ஒன்றின் பயப்பு 13, 14 வோல்ற்று வரை ஏறக்கூடும். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள நுண்கட்டுப்படுத்தியின் முனை தன் வழங்கலைவிட அரை வோல்ற்றுக்கு மேல் கூடியதைத் தாங்கும் என்று அதைச் செய்தவர்கள் பொறுப்பேற்பதில்லை. 5 வோல்ற்றில் ஓடும் பலகைக்கு எல்லை ஐந்தரை. மறைப் பக்கத்தில் அரை வோல்ற்றுத்தான். ஆற்றங்கரையிலிருந்து பெட்டிவரை நீளும் கம்பி மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் காலத்தில் எதையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. மின்னல் ஒருபுறம் இருக்கட்டும். இணைப்பொன்றில் ஈரம் புகுந்து சில வினாடிகள் குறுக்கிணைந்தாலே போதும், ஒப்-ஆம்பின் பயப்பு உச்சத்துக்குப் போய்விடும். ஆகவே எல்லை ஒன்று தேவை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த எல்லைக்கு முதலில் நினைவுக்கு வருவது சேனர். கிளாரன்ஸ் சேனர் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் 1934இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில், திண்மக் காவலிகள் வலிய மின்புலத்தில் எப்படி உடைகின்றன என்பதற்குக் கொள்கை ஒன்றை முன்வைத்தார். கையில் பிடிக்கும் இருவாயி பின்னர் சிலிக்கன் காலத்தில் வந்தது. பெயர் மட்டும் அவருடையது. பின்முகக் கோடலில் குறித்த ஒரு வோல்ற்றளவு வரும்வரை அது ஏறக்குறைய ஓட்டத்தை மறிக்கிறது; அந்த அளவு வந்ததும் தாராளமாக விடுகிறது; வோல்ற்றளவு அதற்குமேல் அதிகம் ஏறாது. உடைவு ஏறத்தாழ 5 வோல்ற்றுக்குக் கீழே நடந்தால் இலத்திரன்கள் மெல்லிய சந்தியை ஊடுருவிப் போவதுதான் முதன்மைக் காரணம். 6, 7 வோல்ற்றுக்கு மேலே போனால் ஓர் இலத்திரன் மோதிப் பலவற்றை விடுவிக்கும் சரிவு உடைவு. இந்த வேறுபாடு வெறும் கொள்கை விடயமாகத் தோன்றலாம். ஆனால் நம் கேள்வியின் விடை பாதி இதில்தான் தங்கியிருக்கிறது. சரிவு உடைவில் இயங்கும் சேனர் கூர்மையாகத் திறக்கிறது. 5 வோல்ற்றுக்குக் கீழான சேனரோ மெல்ல மெல்லத் திறக்கிறது. பெயரில் உள்ள அளவு வருவதற்கு வெகு முன்னரே கசியத் தொடங்குகிறது. 5 வோல்ற்றுப் பலகையைக் காக்க நமக்கு வேண்டியதோ இந்த மென்மையான வகைதான்.

பலர் செய்வது இது: ஒப்-ஆம்பின் பயப்பிலிருந்து 10 கிலோ ஓம் தடையி ஒன்று, அதன் மறுமுனை ஏ.டி.சி.க்கு, அந்த முனையிலிருந்து புவிக்கு 5.1 வோல்ற்றுச் சேனர். பலகை எரியாது, அந்த அளவில் இது வேலை செய்கிறது. ஆனால் அளவுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீச்சு முழுவதையும் பயன்படுத்தும் ஆசையில், உணரியின் ஓட்டம் செல்லும் சிறு தடையியை 25 ஓமாகத் தெரிந்திருந்தால் 20 மில்லி அம்பியருக்குப் பயப்பு சரியாக 5 வோல்ற்று. 12 அடி நீருக்கு 4.66 வோல்ற்று. அந்த இடத்தில் 5.1 வோல்ற்றுச் சேனர் இன்னும் மூடியிருக்கும் என்பது நம் எண்ணம். அது 20 மைக்ரோ அம்பியர் கசிந்தால்கூட 10 கிலோ ஓம் தடையியில் 0.2 வோல்ற்று விழுந்துவிடும். 0.2 வோல்ற்று என்றால் 0.8 மில்லி அம்பியர். நீரில் 20 சென்ரிமீற்றர், ஏறத்தாழ 8 அங்குலம். 12 அடியில் நிற்கும் ஆற்றைக் கருவி 11 அடி 4 அங்குலம் என்று காட்டும். நீர் தாழ்ந்திருக்கும் சாதாரண நாள்களில் இந்தப் பிழை இராது. அளவு உயர உயரப் பிழையும் உயரும், அதுவும் குறைத்துக் காட்டும் திசையில். எச்சரிக்கைக் கருவி ஒன்றுக்கு இதைவிட மோசமான குணம் வேறில்லை. தொடர்பு அறுந்தால் பழுது என்று தெரிகிறது. இங்கே கருவி நம்பத்தக்க முகத்தோடு தவறான எண்ணைத் தருகிறது.

அந்த 10 கிலோ ஓம் தடையியைச் சிறிதாக்கினால் போதாதா என்று கேட்கலாம். 1 கிலோ ஓம் வைத்தால் அதே கசிவு 0.02 வோல்ற்றுப் பிழையைத்தான் தரும். ஓர் அங்குலத்துக்கும் குறைவு. இந்த மறுப்பு நியாயமானது, கசிவைப் பொறுத்தவரை அது வெற்றி பெறுகிறது. ஆனால் வெளியே வைத்த சேனரின் இரண்டாவது குறையை அது தொடவே இல்லை. எல்லை மீறும் வேளையில் சேனர் முனையை 5 வோல்ற்றில் பிடித்திருக்க, ஒப்-ஆம்ப் தன் பயப்பை 14 வரை ஏற்றிக்கொண்டே போகிறது. ஒரு பக்கம் சேனர், மறுபக்கம் ஒப்-ஆம்ப், நடுவில் தடையி: இது கயிறிழுத்தல். எல்லை ஒன்று வந்துவிட்டது என்ற செய்தி ஒப்-ஆம்புக்குப் போய்ச் சேரவில்லை. உயர்தரத்தில் படிக்கும் அடிப்படை விதியை நினைவுபடுத்திப் பார்க்கலாம். பின்னூட்டல் வேலை செய்யும்வரை இரு பெய்ப்பு முனைகளும் ஒரே வோல்ற்றளவில் நிற்கும். பயப்பு நிரம்பிவிட்டால் அந்த விதி செல்லாது. நம் மாதிரியில் பெய்ப்புக்கு மறை 5 வோல்ற்று வந்து பயப்பு 14இல் முட்டி நின்றால், சுழியத்தில் இருக்க வேண்டிய முனை மறை 3 வோல்ற்றுக்கும் கீழே இறங்கிவிடும். 741 அதைத் தாங்கும். பெய்ப்புகளுக்கிடையே காப்பு இருவாயிகள் உள்ள பல துல்லிய ஒப்-ஆம்புகளில் அந்த வழியே தேவையற்ற ஓட்டம் பாயும்.

நிரம்பிய ஒப்-ஆம்ப் மீண்டு வர எடுக்கும் நேரம் சில மைக்ரோ வினாடிகள்தானே, ஆற்றுக்கு அது எம்மாத்திரம் என்பது அடுத்த கேள்வி. 741இன் பயப்பு மைக்ரோ வினாடிக்கு அரை வோல்ற்று வேகத்தில் நகரும். 14இலிருந்து 5க்கு இறங்க 18 மைக்ரோ வினாடி. ஆற்றுக்கு அது ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையான மட்டக் கருவி எதுவும் இவ்வளவு வெறுமையாக இராது. ஆற்றின் மேற்பரப்பு அலையடித்துக்கொண்டே இருக்கும். அதைச் சராசரியாக்க வேண்டும். சராசரியாக்கும் எளிய வழி, பின்னூட்டல் தடையியின் குறுக்கே பெரிய கொள்ளளவி ஒன்றை வைப்பது. 100 கிலோ ஓமுக்குக் குறுக்கே 100 மைக்ரோ பரட்டு வைத்தால் நேர மாறிலி 10 வினாடி. இப்போது ஈரம் புகுந்த இணைப்பு மூன்று வினாடி தொல்லை கொடுக்கிறது என்று கொள்வோம். அரை மில்லி அம்பியர் ஓட்டம் கொள்ளளவியை வினாடிக்கு 5 வோல்ற்று வீதம் ஏற்றி 14 வரை கொண்டுபோய்விடும். தொல்லை தீர்ந்த பின்னர் உண்மை அளவு 3 வோல்ற்று என்றால், 14இலிருந்து 5க்கு இறங்கவே 17 வினாடி ஆகும். அந்த 17 வினாடியும் ஏ.டி.சி. முனையில் சேனரின் எல்லை வோல்ற்றளவு ஆடாமல் அசையாமல் தெரியும். பின்னால் இருப்பது பழுதின் எச்சமா மெய்யான வெள்ளமா என்று அந்த முனையைப் பார்க்கும் நிரலுக்குத் தெரியாது, ஏனென்றால் வெளியே வைத்த சேனர் உள்ளே ஏறிக் கிடக்கும் 14 வோல்ற்றை மறைத்துவிட்டது. இப்படிச் சராசரியாக்கும் வடிகட்டிக்குப் பதிலாகத் தொகையிடும் சுற்று என்றால் நிலைமை இன்னும் கடினம். ஒரு தாங்கியின் மட்டத்தைப் பார்த்துப் பம்பியை ஓட்டும் கட்டுப்பாட்டுச் சுற்றில் தொகையீட்டுக் கொள்ளளவி இப்படி நிரம்பிவிட்டால், வழு எதிர்த் திசைக்குத் திரும்பிப் போதிய நேரம் நீடித்தால்தான் அது இறங்கும். அதுவரை பம்பி தேவையின்றி ஓடும்.

ஆகவே என் வாதம் இது: எல்லை பின்னூட்டலின் உள்ளே இருக்க வேண்டும். சேனரைப் பயப்பிலிருந்து புவிக்கு வைக்காமல், பயப்பிலிருந்து நேர்மாற்றும் பெய்ப்புக்கு, 100 கிலோ ஓமின் குறுக்கே வைத்துப் பாருங்கள். பயப்பு சேனரின் அளவை எட்டும்வரை சேனர் ஒதுங்கி நிற்கிறது, நயம் பத்து. எட்டியதும் சேனர் திறந்து, பெய்ப்பிலிருந்து வரும் மேலதிக ஓட்டம் முழுவதையும் தானே ஏற்றுக்கொள்கிறது. நயம் ஏறக்குறைய இல்லாமற் போகிறது. பெய்ப்பில் எவ்வளவு ஏறினாலும் பயப்பு அசையாது. பின்னூட்டல் எந்தக் கணத்திலும் அறுபடவில்லை; பெய்ப்பு முனை சுழியத்திலேயே நிற்கிறது; ஒப்-ஆம்ப் நிரம்பவில்லை; கொள்ளளவி 5 வோல்ற்றுக்கு மேல் ஏற வழியே இல்லை. தொல்லை தீர்ந்த மறுகணமே பயப்பு உண்மையான அளவை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. இருபக்கமும் எல்லை வேண்டுமானால் இரண்டு சேனர்களை எதிரெதிராகத் தொடரில் வைக்கிறார்கள். அப்போது எல்லை ஒன்றின் உடைவு அளவும் மற்றதன் முன்முக வீழ்ச்சியான 0.7 வோல்ற்றும் சேர்ந்தது. ஒன்றை மட்டும் வைத்தால் ஒரு பக்கம் சேனர் அளவு, மறுபக்கம் 0.7. ஏ.டி.சி.க்கு இந்த ஒருபக்க ஏற்பாடே பெரும்பாலும் பொருந்தும்.

இடத்தை மாற்றியதால் மட்டும் கசிவு தீர்ந்துவிடவில்லை. உண்மையில் அது கூர்மையாகிறது. பி.இசட்.எக்ஸ். 79 வரிசையில் 4.7 வோல்ற்றுச் சேனர் 2 வோல்ற்றிலேயே 3 மைக்ரோ அம்பியர் வரை கசியலாம் என்று தரவுத்தாள் இடம் கொடுக்கிறது. நம் சுற்றில் பயப்பு 2 வோல்ற்றாக இருக்கும்போது 100 கிலோ ஓமில் ஓடுவதே 20 மைக்ரோ அம்பியர்தான். மிக மோசமான நிலையில் பிழை நூற்றுக்குப் பதினைந்து. இன்னொன்றும் உண்டு: அந்தச் சேனரின் 4.7 என்பது 5 மில்லி அம்பியர் ஓடும்போது அளந்த அளவு. நம் சுற்றில் எல்லையின்போது ஓடுவது அரை மில்லி அம்பியருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய ஓட்டத்தில் அது 4 வோல்ற்றுக்கும் கீழே கிடக்கலாம். சந்திக் கொள்ளளவமும் சில நூறு பிக்கோ பரட்டு இருக்கும். ஆற்றுக்கு அது பொருட்டல்ல, ஒலிச் சுற்றுக்குப் பெரும் பொருட்டு. சேனரை எதிர்ப்பவர்கள் சொல்வதெல்லாம் இந்த மூன்றையும்தான், மூன்றும் உண்மை.

இதற்கு அளவைச் சுற்று வடிவமைப்பாளர்களிடம் பழைய, அழகான ஒரு தீர்வு இருக்கிறது. சேனரைப் பெய்ப்பு முனையோடு நேரே இணைக்காமல் இடையில் ஒரு சந்தியில் நிறுத்துங்கள். அந்தச் சந்தியிலிருந்து 1 கிலோ ஓம் ஒன்று புவிக்கு. அதே சந்தியிலிருந்து பெய்ப்பு முனைக்கு, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சமாந்தரமாக, சாதாரண 1என்4148 இருவாயிகள் இரண்டு. சேனர் 20 மைக்ரோ அம்பியர் கசிந்தாலும் அது 1 கிலோ ஓம் வழியே புவிக்குப் போய்விடும். சந்தியில் எழுவது 20 மில்லி வோல்ற்று மட்டுமே. அவ்வளவு சிறிய வோல்ற்றளவில் சிலிக்கன் இருவாயி கடத்தாது என்றே சொல்லலாம். பெய்ப்பு முனைக்குச் சேனரின் கசிவு தெரியாது. பயப்பு எல்லையை நெருங்கி, சேனர் ஓட்டம் 0.6 மில்லி அம்பியரை எட்டும்போது சந்தியில் 0.6 வோல்ற்று எழுந்து 1என்4148 திறக்கும். அப்போதுதான் எல்லை செயற்படும். மென்மையாகத் திறக்கும் சேனர், அதன் மென்மையான பகுதியைக் கடந்த பின்னரே சுற்றில் கலந்துகொள்கிறது. 1 கிலோ ஓமுக்குப் பதிலாக 150 ஓம் வைத்தால் சேனர் 4 மில்லி அம்பியரில், அதாவது தரவுத்தாள் அளந்த நிலைக்கு அருகில் நிற்கும். அந்த ஓட்டத்தை ஒப்-ஆம்ப் கொடுக்க வேண்டும், 741ஆல் முடியும். மறைப் பக்கத்தில் பயப்பு 1.3 வோல்ற்றளவு வரை இறங்கலாம், ஏ.டி.சி.க்கு முன்னால் சில கிலோ ஓம் இருந்தால் முனைக்குள் பாய்வது மிகச் சிறு ஓட்டமே. ஒரு தடையியும் சில்லறைக் காசுக்கு வாங்கும் இரண்டு இருவாயிகளும், முன்னே சொன்ன மூன்று குறைகளையும் ஏறக்குறைய அடக்கிவிடுகின்றன.

இவ்வளவு பாடு எதற்கு, 3.3 அல்லது 5 வோல்ற்றிலேயே இயங்கி, பயப்பை வழங்கலின் இரு விளிம்புவரை கொண்டுபோகும் புதிய ஒப்-ஆம்பை ஏ.டி.சி.யின் வழங்கலிலேயே ஓடவிட்டால் பயப்பு எப்படி எல்லை மீறும்? இதுதான் மிகப் பலமான மறுப்பு. எளிய கருவிக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். பலகை எரியும் ஆபத்து அங்கே அடிப்படையிலேயே நீங்கிவிடுகிறது. ஆனால் அந்த ஒப்-ஆம்பும் எல்லையில் நிரம்பத்தான் செய்யும். பின்னூட்டல் அறுபடுவதும் பெய்ப்பு முனை சுழியத்தை விட்டு ஓடுவதும் அங்கேயும் நடக்கும். கொள்ளளவியின் ஏற்றம் குறைவாக இருக்கும், அவ்வளவே. வழங்கல் விளிம்புக்கு ஷொட்கி இருவாயி போட்டு மேலதிக ஓட்டத்தை 5 வோல்ற்றுக் கம்பிக்குள் தள்ளுவது இன்னொரு வழி. அது கசிவில் சேனரைவிட நல்லது. ஆனால் 7805 போன்ற வோல்ற்றளவுச் சீராக்கி ஓட்டத்தைக் கொடுக்கும், திருப்பி வாங்காது; பலகை உண்ணும் ஓட்டத்தைவிட உள்ளே தள்ளப்படும் ஓட்டம் கூடினால் 5 வோல்ற்றுக் கம்பியே மேலே ஏறும். அதைத் தடுக்க அந்தக் கம்பியில் மீண்டும் ஒரு சேனரைத்தான் தேட வேண்டிவரும். மென்பொருளில் எல்லை போடலாம் என்பவர்களுக்கு ஒன்று மட்டும்: ஏ.டி.சி. ஒரே எண்ணில் முட்டி நின்ற பிறகு மென்பொருளுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை.

வரலாறும் இந்தத் திசையிலேயே நகர்ந்திருக்கிறது. பொப் விட்லர் வடிவமைத்து 1965இல் வெளிவந்த 709, பயப்புக் குறுக்கிணைந்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத ஒப்-ஆம்ப்; பெய்ப்பு எல்லை மீறினால் பயப்பு ஒரு பக்கத்தில் பூட்டிக்கொள்ளும். பயன்படுத்துபவர் வெளியே இருவாயிகளைக் கோத்து அதைக் காக்க வேண்டியிருந்தது. 1968இல் டேவ் புல்லகர் வடிவமைத்த 741 பயப்பு ஓட்டத்தை ஏறத்தாழ 25 மில்லி அம்பியரில் தானே நிறுத்திக்கொண்டது, பூட்டிக்கொள்வதும் நீங்கியது. வெளியே ஒட்டிவைத்த காப்பு சுற்றின் உள்ளே போனதுதான் 741 இத்தனை காலம் நிலைத்ததற்கு முக்கிய காரணங்களில் ஒன்று என்பது என் கணிப்பு. அதற்கு முன்னரே, ஒப்-ஆம்புகளை வைத்து ஒப்புமைக் கணினி கட்டியவர்கள் பொறிமுறை இயக்கமொன்று தடையில் முட்டி நிற்பதைக் காட்ட, இருவாயி எல்லைகளைப் பின்னூட்டலில்தான் வைத்தார்கள். பயப்பில் வைத்தால் கணக்கே பிழைத்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நல்ல இடத்தில் வைத்த எல்லைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அளவின் வீச்சும் காப்பின் எல்லையும் ஒன்றையொன்று உரசக் கூடாது. 25 ஓமுக்குப் பதிலாக 15 ஓம் தடையியை எடுத்தால் 20 மில்லி அம்பியருக்குப் பயப்பு 3 வோல்ற்றுத்தான். உணரி தன் பழுதைத் தெரிவிக்க 21 மில்லி அம்பியருக்கு மேல் அனுப்பும் வழக்கமும் தொழிற்சாலைகளில் உண்டு, அதுவும் 3.15 வோல்ற்றுக்குச் சற்று மேலே, எல்லைக்குள் அடங்கிவிடும். அதற்கும் மேலே ஒன்றரை வோல்ற்றளவு இடைவெளி இருக்கிறது. வீச்சை வீணாக்குகிறோம் என்று தோன்றுமானால் கணக்கைப் பாருங்கள். ஏ.டி.சி. 5 வோல்ற்றை 1024 படிகளாகப் பிரிக்கிறது. 25 ஓமில் ஒரு படி ஆற்றில் 5 மில்லிமீற்றர். 15 ஓமில் 8 மில்லிமீற்றர். அடியிலும் அங்குலத்திலும் பார்க்கும் ஓர் ஆற்றுக்கு இந்த 3 மில்லிமீற்றர் இழப்பு ஒரு பொருட்டே இல்லை. அதற்குப் பதிலாகக் கிடைப்பது, வெள்ளம் உச்சத்தில் நிற்கும் நேரத்தில் வளையாத அளவு.

நம் உயர்தரப் பௌதிகவியலில் இலத்திரனியல் அலகு சேனர் இருவாயியையும் செயற்பாட்டு விரியலாக்கியையும் இரண்டையும் கற்பிக்கிறது. ஒன்று வோல்ற்றளவுச் சீராக்கியாக, மற்றது விரியலாக்கியாகவும் ஒப்பீட்டுக் கருவியாகவும் தனித்தனியே வருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே காட்ட முடியும். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு 741, 4.7 வோல்ற்றுச் சேனர் ஒன்று, 1என்4148 இரண்டு, சில தடையிகள், ஒரு பல்மானி. எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைப்பவை. பெய்ப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயப்பை வரைபாக்கச் சொல்லுங்கள். முதலில் சேனர் வெளியே, பிறகு பின்னூட்டலின் குறுக்கே, கடைசியாக 1 கிலோ ஓம் சந்தியோடு. ஒவ்வொரு முறையும் நேர்மாற்றும் பெய்ப்பு முனையின் வோல்ற்றளவையும் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். மூன்று வரைபுகளும் எந்த இடத்தில் நேர்கோட்டை விட்டு வளையத் தொடங்குகின்றன, அந்த முனை எப்போது சுழியத்தை விட்டு விலகுகிறது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பாடசாலைகளில் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தத் தவணையிலேயே இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வாரம் வெப்பநிலை மாறும்போது சேனரின் அளவு எப்படி நகர்கிறது என்பதையும், 5 வோல்ற்றுக்கும் 6 வோல்ற்றுக்கும் இடைப்பட்ட சேனர்கள் ஏன் மற்றவற்றைவிட நிலையாக நிற்கின்றன என்பதையும் பார்ப்போம்.